எழுத்து அழிந்த பெட்டி

ரயில்வே உடைய வேண்டும் என்று ஜெபம் செய்கிற ஒரு மனிதர் கொட்டாரம் ஊரில் உண்டு என்றால் யாரும் நம்பமாட்டீர்கள். உண்டு. பெயர் ஞானசிங். ஞாயிறு ஆராதனையில் சபையார் எல்லோரும் மழைக்காகவும் வியாதிக்காரருக்காகவும் ஜெபிக்கும்போது, இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஆண்டவரே, இந்த ரயில்வே கோட்டத்தை இரண்டாகப் பிரித்துத் தாரும், அதற்குச் சித்தமில்லை என்றால் பக்கத்துக் கோட்டத்தோடு சேர்த்துத் தாரும் என்று கேட்பார். பிரித்தாலும் சேர்த்தாலும் அவருக்கு ஒன்றுதான். இரண்டிலும் வேலை உண்டு.

வேலை என்னவென்றால், பெட்டிகளில் எழுத்து எழுதுவது. ஒவ்வொரு ரயில் பெட்டியின் இரண்டு பக்கத்திலும், அடுத்த பெட்டியைப் பார்த்த முனைச் சுவரிலும், அது எந்த ரயில்வேயைச் சேர்ந்தது, எந்தக் கோட்டத்துக்குச் சொந்தம், அதன் எண் என்ன, பழுது பார்க்க எங்கே திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கும். நாம் யார் அதை வாசித்திருக்கிறோம்? ஜன்னலோர சீட்டு கிடைக்குமா, கக்கூசில் தண்ணீர் வருமா என்பதோடு நம் அக்கறை முடிந்துவிடும். ஆனால் ரயில்வேக்கு அந்த எழுத்துதான் பட்டா. எங்கோ ஒரு குளிர் அறையில் உட்கார்ந்து ஒருவர் வரைபடத்தில் கோடு கிழித்து, இதுவரை உனக்கு, இதற்கப்பால் அவனுக்கு என்று சொல்லிவிட்டால் போதும். இங்கே ரயில் யார்டில் வெயிலில் நிற்கிற அத்தனை பெட்டிகளிலும் பழைய எழுத்தை அழித்துப் புது எழுத்து எழுதியாக வேண்டும். ஒரே பெட்டிக்கு மூன்று தடவை எழுத்து மாற்றியவர் ஞானசிங். அந்தப் பெட்டி யார்டுக்கு வரும்போதெல்லாம் அதன் வயிற்றில் தட்டி, "மூணு வீட்டுக்கு வாக்கப்பட்டவளாக்கும் இவ" என்பார். கூட நிற்பவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்காதவனை அவருக்குப் பிடிக்காது.

சொந்த ஊர் அருமனை. இளவட்டத்தில் குலசேகரத்து ரப்பர் ஷீட் குடோன்களின் சுவர்களில் எழுதிக்கொண்டு திரிந்தவர், தேவகனியைக் கட்டிக்கொண்டு கொட்டாரம் வந்து மாமனார் தந்த துண்டு மண்ணில் வீடு வைத்தார். யார்டில் காண்டிராக்ட் வேலை கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. தன் எழுத்து ஹவுராவரை ஓடுகிறது என்று கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் சொல்வார். சபையிலும் எழுத்தென்றால் அவர்தான். நம் சபைகளின் வழக்கம் தெரியுமே, குத்துவிளக்கு, குப்பைத்தொட்டி எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயர் அதில் இருக்க வேண்டும். மின்விசிறியின் இறக்கையில்கூட ஞானசிங் கொடுத்தவர் பெயரை எழுதியிருக்கிறார். சுற்றும்போது யார் வாசிப்பது என்று கேட்டதற்கு, கரண்டு போகும்போது வாசிக்கட்டும் என்றார்.

பக்கத்து வீடு பிரைட்டனுடையது. தேவகனியின் தம்பி. கல்ஃபில் சில வருடம் இருந்துவிட்டு, போனபடியே திரும்பி வந்தவன். மனைவி ஜாஸ்மி, ஒரு சின்னப் பெண் பிள்ளை. தேவகனி அழுததால் ஞானசிங் அவனை யார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போனவர் சும்மா இருப்பாரா? "நானாக்கும் இவனுக்குச் சோறு போடுகது" என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்வார். பிரைட்டனுக்குத் தூரிகை தந்ததில்லை. அவன் வேலை துடைப்பது. பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் பழைய எழுத்தை அழிக்க வேண்டும். மேலிருந்து கீழாக, ஒரே சீராக, பெட்டியின் சாயம் போகாமல் எழுத்து மட்டும் போகும்படி அழிப்பான். முடித்ததும் கேட்பான், "சுவடு கெடக்கா அத்தான்?"

ஞானசிங் குனிந்து பார்ப்பார். ஒன்றும் இருக்காது. இருந்தாலும், "கெடக்கு. திரும்பத் துடை" என்பார். பிரைட்டன் திரும்பத் துடைப்பான். இதில் ஞானசிங்குக்கு என்ன சுகமோ, அவருக்கும் ஆண்டவருக்கும்தான் வெளிச்சம்.

அவர் ஜெபம் ஒருநாள் கேட்கப்பட்டது. மேற்குக் கோட்டத்தின் கையில் இருந்த யார்டும் பெட்டிகளும் கிழக்குக் கோட்டத்தோடு சேர்கின்றன என்று உத்தரவு வந்தது. எல்லாம் ஒரே நாளில் அல்ல, வண்டி வண்டியாக. எந்தப் பெட்டியில் கிழக்கின் எழுத்து ஏறிவிட்டதோ அது கிழக்குக்கு. மேற்கின் எழுத்து நிற்கும்வரை மேற்குக்கு. யார்டில் இதற்கு ஒரு துணைச் சட்டமும் இருந்தது, எங்கும் எழுதாத சட்டம். பெட்டி யாருடையதோ, அதில் வேலை செய்து அடிபட்டவனும் அவர்களுடைய பொறுப்பு. காண்டிராக்ட் ஆளானாலும் கைவிடமாட்டார்கள். ஐயப்பன் என்பவருக்கு ஒரு பெட்டியின் அடியில் விரல்கள் போனபோது மேற்குக் கோட்டம் அவருக்கு யார்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டுத் தந்தது. வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டு அதில் உட்கார்ந்தே அவர் தன் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டார். அந்த நாற்காலியை யார்டில் யாரும் கேலி செய்வதில்லை.

எழுத்து மாற்றும் வேலைக்கு மேற்பார்வை நாராயணபெருமாள், மேற்குக் கோட்டத்துச் சூப்பர்வைசர். ஒவ்வொரு பெட்டியாக அழித்து, அந்தப் பெட்டியை எழுதி முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போ என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். காரணம் இருந்தது. முனைச் சுவரைத் துடைக்க ஒருவன் இரண்டு பெட்டிக்கு நடுவே இறங்கினால், இன்னொருவன் வெளியே நின்று எஞ்சின் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே பெட்டியில் நின்றால்தான் அது நடக்கும். ஞானசிங் கேட்பாரா? துடைக்கிற தூசி பறந்து தன் ஈர எழுத்தில் ஒட்டும் என்பது அவருடைய வாதம். காலையில் பிரைட்டன் வண்டி முழுவதையும் துடைத்துவிட வேண்டும். மத்தியானம் நிழல் சாய்ந்ததும் இவர் வந்து எழுதுவார். அதுவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பெயிண்டைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருப்பார். அவருடைய எழுத்தில் தூசி விழக்கூடாது. மற்றவன் தலையில் என்ன விழுந்தால் அவருக்கென்ன.

அன்று பிரைட்டன் கடைசிப் பெட்டிக்கு வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. நிழல் பக்கத்து எழுத்தை அழித்துவிட்டு, முனைச் சுவரைத் துடைக்க நடுவில் இறங்கினான். வெயில் பக்கம் பாக்கி இருந்தது. வண்டியின் இரண்டு முனையிலும் தண்டவாளத்து நடுவில் சிவப்புக் கொடி நட்டிருந்தான். மேற்குக் கோட்டத்தில் அதுதான் பழக்கம். அன்றைக்குப் பார்த்து எஞ்சினோடு வந்தவர்கள் கிழக்குக் கோட்டத்தார், இந்த யார்டுக்குப் புதியவர்கள். அவர்கள் பழக்கத்தில் கொடியைப் பெட்டியிலேயே மாட்டுவார்கள். பெட்டியைப் பார்த்தார்கள், கொடி இல்லை. தரையில் நட்டிருந்ததை யாரோ மறந்துவிட்டுப் போனது என்று பிடுங்கி ஓரத்தில் சாய்த்து வைத்தார்கள். எஞ்சின் வந்து முட்டியது. நடுவில் நின்றவன் கத்திய சத்தம் வேப்பமரத்தடிக்குக் கேட்டது. ஞானசிங் பெயிண்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டுத்தான் எழுந்தார். திறந்து கிடந்தால் ஆடை படியும் என்று கை தானாக மூடியதாம். பிறகு அவரே சொன்னது.

பிரைட்டனைத் தூக்கி ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினார்கள். வலது கால் முழங்காலுக்கு மேலே நைந்து தொங்கியது. கூடப் போக ஞானசிங் வண்டியில் கால் வைத்தபோது நாராயணபெருமாள் அவர் தோளைத் தொட்டார். "நீரு இஞ்ச வாரும்."

பெட்டியின் வெயில் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மேற்குக் கோட்டத்தின் எழுத்து முழுசாக, பளிச்சென்று நின்றது.

"இது என்ன சிங்கே?"

"இந்தப் பக்கம் அவன் இன்னும் துடைக்கல்ல சார்."

"அப்ப கோச்சு இன்னும் நமக்குள்ளது."

"ஆமா சார்."

"நாளைக்கு விசாரணைக்கு ஆள் வரும். நமக்க கோச்சுன்னா முதல்ல என்னையும் உம்மையும்தான் கேப்பாவ. அவன் நடுவில இறங்கினப்ப வெளிய நின்னு பாத்தது யாருன்னு கேப்பாவ. என்ன சொல்லுவீரு? மரத்தடியில இருந்தேன்னா?" நாராயணபெருமாள் குரலை உயர்த்தவே இல்லை. "ஒவ்வொண்ணா செய்யும்னு நான் சொன்னத யார்டே கேட்டுருக்கு. உமக்க யார்டு பாஸ் அன்னைக்கே போவும்."

"நான் என்ன செய்யணும் சார்?"

"சாயங்காலத்துக்குள்ள கிழக்குக்க எழுத்து ஏறட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. அடிபட்டவனைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாராயணபெருமாள் போய்விட்டார். தரையில் பிரைட்டனின் தின்னர் டப்பாவும் துணியும் கிடந்தன. இத்தனை வருடத்தில் துடைக்கிற துணியைக் கையால் தொடாத ஞானசிங் அன்று அதை எடுத்தார். எடுக்கும்போது அது இன்னும் ஈரமாக இருந்தது. குறுக்கும் மறுக்குமாகத் தேய்த்தார். மேற்குக் கோட்டம் போயிற்று. பிறகு தூரிகையை எடுத்துக் கிழக்குக் கோட்டத்தை எழுதினார். அன்றைய எழுத்து நன்றாகவே விழுந்தது. என்ன மனுசனோ.

அதே பொழுதில் பெரிய ஆஸ்பத்திரியில் பிரைட்டனின் காலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரைட்டன் தெளிவாகவே சொன்னான். "வெயில் பக்கத்துல மேற்குக்க எழுத்து அப்படியே நின்னுது சார். அது நான் துடைக்கல்ல." கட்டிலோரம் நின்ற ஜாஸ்மிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மேற்கின் எழுத்து இருந்தால் மேற்கின் பொறுப்பு. ஐயப்பனுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கால் போனாலும் அந்த நாற்காலி கிடைக்கும், குடும்பம் நிற்கும். அவள் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு யார்டுக்கு வந்து ஞானசிங்கைக் கேட்டார்கள்.

"ரெண்டு பக்கமும் அழிச்சாச்சு சார்," என்றார். "பயலுக்கு மயக்கத்துல ஓர்மை இல்ல."

சொல்லும்போது அவர் நாக்கு குழறவில்லை. மேற்குக் கோட்டம் கேட்டுக்கொண்டது. எங்கள் எழுத்து இரண்டு பக்கமும் அழிந்துவிட்டது, ஆகவே பெட்டி எங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்றது. விசாரணைக்காரர்கள் கிழக்குக் கோட்டத்திடம் போனார்கள். எங்கள் எழுத்து ஏறியது சாயங்காலம், ஆள் அடிபட்டது உச்சிப்பொழுது, அப்போது அது எங்கள் பெட்டி இல்லை என்றது கிழக்கு. அவர்களை வேலைக்கு வைத்த காண்டிராக்டரோ, இரண்டு கோட்டத்தில் எது சொன்னாலும் தலையாட்டுகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டார். ஆக, அத்தனை பெரிய இரும்புப் பெட்டி அந்த மத்தியானத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றிருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத பெட்டி ஒருவன் காலைத் தின்றிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறதா?

பிரைட்டன் விடவில்லை. கக்கத்தில் கட்டை வைத்து நடக்கப் பழகியதும், எனக்கு அந்தப் பெட்டியைக் காட்டுங்கள் என்று வந்து நின்றான். ஜாஸ்மி தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டி யார்டில் நின்றது. ஞானசிங்கும் இரண்டு அதிகாரிகளும் கூட நடந்தார்கள். பிரைட்டன் வெயில் பக்கம் போய் எழுத்துக்கு முன்னால் நின்றான். கிழக்கின் எழுத்து. அதைச் சுற்றிப் பழைய சாயம் குறுக்குக் குறுக்காக மங்கிக் கிடந்தது. அவன் விரலால் அந்த மங்கலைத் தொட்டு இடமிருந்து வலமாக ஒருமுறை தடவினான். பிறகு திரும்பி ஞானசிங்கைப் பார்த்தான்.

"என்ன, பாத்தாச்சா? உமக்கு ஓர்மை வந்துதா?" என்றார் அதிகாரி.

"வந்துது சார்," என்றான் பிரைட்டன். "செரி. போலாம் ஜாஸ்மி."

தப்பினோம் என்று நினைத்துக்கொண்டார் ஞானசிங். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார்.

ஐயப்பன் ஓய்வு பெற்றார். வாசல் நாற்காலியில் கிழக்குக் கோட்டத்தார் தங்கள் ஆள் ஒருவரை உட்கார வைத்தார்கள். ஜாஸ்மி முந்திரி ஆலையான அண்டி ஆபீசுக்குக் கொட்டை உடைக்கப் போகத் தொடங்கினாள். விரல் நுனியெல்லாம் கொட்டையிலிருந்து வடியும் அண்டிப்பாலில் வெந்து கறுத்தது. அந்தக் கையோடு அவள் துணி உலர்த்துவதை மதிலுக்கு இப்பால் நின்று தேவகனி பார்ப்பாள். ஒருநாள் சோறு பரிமாறும்போது கேட்டாள்.

"இஞ்சேருங்க. தம்பிக்கு ஒண்ணுமே கிடைக்காதா?"

"நான் என்ன கோட்டத்துக்க மேனேஜரா?" என்றார் ஞானசிங்.

"அன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு ராத்திரிதானே வந்திய. அதுவரைக்கும் எங்க இருந்திய?"

"வேலை கெடந்துது."

அன்றிலிருந்து தேவகனி சோற்றை மூடி வைத்துவிட்டு, அவர் வருவதற்கு முன்பே அடுக்களையை விட்டுப் போகத் தொடங்கினாள். ஞானசிங்குக்குச் சோறு இறங்குவது கொஞ்சம் கஷ்டமாயிற்று. மனசாட்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது, அவ்வளவுதான். உறுத்தினால் இவர் போன்றவர்கள் என்ன செய்வார்கள்? நாகர்கோவிலுக்குப் போய் ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்தார். நல்ல நாற்காலி, குறை சொல்லக்கூடாது. வாங்கியவர் அதை ராவோடு ராவாகப் பக்கத்து வீட்டில் கொண்டு விட்டிருந்தால் நானும் இந்தக் கதையை இவ்வளவு கோபமாகச் சொல்லமாட்டேன். அவர் அதை முற்றத்தில் நிறுத்தி, பெயிண்டை வடிகட்டி, முதுகுத் தகட்டில் நீல நிறத்தில் எழுதினார். "அன்பளிப்பு: ஞானசிங் தேவகனி குடும்பத்தார்." எழுத்து காயும் வாசனை மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. அந்த வாசனையை அறியாதவனா பிரைட்டன்?

அறுப்பின் பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் நாற்காலியைச் சபையின் முன்னால் உருட்டி வந்து நிறுத்தினார்கள். வாழைக்குலையும் சேனையும் தேங்காயும் ஏலத்துக்குக் குவிந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. போதகர், நம் சகோதரனின் இளகிய மனதுக்காக என்று தொடங்கி நெடுக ஜெபித்தார். ஞானசிங் கைகட்டித் தலை குனிந்து நின்றார். எல்லோரும் எழுத்தை வாசிக்க வசதியாக நாற்காலியின் முதுகு சபையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

முன்பெஞ்சில் இருந்த பிரைட்டன் கையை நீட்டி நாற்காலியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். "ஜாஸ்மி, அந்தக் குப்பியை எடு," என்றான்.

ஜாஸ்மி பைக்குள்ளிருந்து குப்பியையும் ஒரு வெள்ளைத் துணியையும் எடுத்துக் கொடுத்தாள். தின்னர் நெடி பரவியது. பிரைட்டன் அவசரப்படவில்லை. மேலிருந்து கீழாக, ஒரே சீராகத் துடைத்தான். அன்பளிப்பு போயிற்று. ஞானசிங் போயிற்று. அக்காவின் பெயர் வந்தபோது மட்டும் ஒரு நொடி கை நின்று, அதுவும் போயிற்று. போதகர் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"சுவடு கெடக்கா அத்தான்?"

இத்தனை வருடப் பழக்கம். ஞானசிங் கால் தானாக முன்னால் வந்தது. குனிந்து பார்த்தார். அப்போதுதான் வாங்கியதுபோலத் தகடு பளபளத்தது.

"இல்ல," என்றார்.

"இருக்காது. மேலருந்து கீழ துடைக்கணும். குறுக்கத் துடைச்சா காட்டிக் குடுத்துரும். நான் காலு போயி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அந்தக் கோச்சுக்க வெயில் பக்கத்தைத் துடைச்ச கை, குறுக்கத் துடைச்சிருக்கு." சபை முழுவதற்கும் கேட்டது. ஆனாலும் அவன் ஞானசிங்கோடு மட்டும்தான் பேசினான். "யார்டுல துடைக்கத் தெரியாத கை ஒண்ணுதான் உண்டு. அன்னைக்கே தெரிஞ்சுது, அக்காளுக்காகச் சொல்லல்ல. அந்த எழுத்து நின்னுருந்தா நான் இன்னைக்கு ஐயப்பன் அண்ணனுக்க நாற்காலியில இருப்பேன். இப்ப சொல்லுங்க, இது யாருக்க வண்டி?"

ஞானசிங் சுற்றிலும் பார்த்தார். அவர் கையால் பெயர் எழுதிய மின்விசிறிகள் தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து தேவகனி எழுந்து வந்தாள். கணவனைத் தாண்டிப் போய் நாற்காலியைத் திருப்பினாள். ஜாஸ்மி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பிடித்துப் பிரைட்டனை அதில் உட்கார வைத்தார்கள். தேவகனி பிடியைப் பிடித்து வாசலை நோக்கித் தள்ளினாள். அங்கே படிகள் இருந்தன. இறக்கிவிட ஞானசிங் பின்னாலேயே ஓடிப் போய்க் கையை நீட்டினார்.

"நீங்க இஞ்ச நில்லுங்க," என்றாள் தேவகனி.

ஏலத்துக்கு வந்திருந்த இரண்டு பேர் வாழைக்குலையைக் கீழே வைத்துவிட்டு வந்து நாற்காலியைத் தூக்கி இறக்கினார்கள். ஞானசிங் அவள் சொன்ன இடத்திலேயே நின்றார்.